பென் ஹோகனின் ஸ்விங்: புதிதாகப் பழகுகிறவர் எதை எடுக்கலாம், எதை விடலாம்

கோல்ஃப் பழகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பென் ஹோகன் என்ற பெயர் காதில் விழுந்துவிடும். பயிற்சியாளர் சொல்வார், கூட ஆடுகிறவர் சொல்வார், ஸ்விங் (மட்டையைச் சுழற்றிப் பந்தை அடிக்கும் அசைவு) பற்றிய வீடியோக்களைத் தேடினால் வெள்ளைத் தொப்பி போட்ட அந்த ஒல்லியான மனிதர் கறுப்பு வெள்ளைப் படத்தில் வந்து நிற்பார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் 64 வெற்றிகள், அவற்றில் ஒன்பது மேஜர் பட்டங்கள், அதாவது கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளின் பட்டங்கள். கடைசி மேஜரை அவர் வென்றது 1953இல். இத்தனை காலம் கழிந்தும் ஸ்விங் என்றால் அவரிடமே போய் நிற்கிறோம் என்றால் அதற்கு இரண்டு காரணங்கள். பந்தை நினைத்த இடத்துக்கு நினைத்த வளைவோடு அனுப்புவதில் அவருக்கு நிகரானவர்கள் மிகக் குறைவு. இன்னொன்று, தான் செய்வதை வார்த்தையில் சொல்லத் தெரிந்தவர். 1957இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில் ஐந்து பாடங்களாக அவர் ஸ்விங்கை விளக்கினார். பிறகு அது புத்தகமாகி இன்றும் விற்கிறது.

அந்தப் பாடங்களைப் படித்துவிட்டு அப்படியே செய்து பார்த்தவர்களில் பலருக்குப் பந்து இன்னும் மோசமாக வலது பக்கம் வளைந்து போனது. இது ஹோகன் தவறாகச் சொன்னதால் அல்ல. அவர் சொன்னவற்றில் இரண்டு வகை கலந்திருக்கின்றன. ஒன்று, யார் ஆடினாலும் பொருந்துகிற அடிப்படைகள். மற்றது, தன்னுடைய சொந்தக் கோளாறைச் சரிசெய்ய அவர் கண்டுபிடித்த வழிகள். புதிதாகப் பழகுகிறவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் ஹோகனைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கஷ்டம் என்பது என் கருத்து.

அந்தக் கோளாறு என்னவென்று புரிய அவருடைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். டெக்சஸ் மாநிலத்தில் 1912இல் பிறந்தவர். அப்பா கொல்லர், ஹோகனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தற்கொலை செய்துகொண்டார். குடும்பத்துக்கு உதவ ஃபோர்ட் வொர்த் ஊரில் கிளென் கார்டன் கிளப்பில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாகச் சேர்ந்தார். பின்னாளில் பெரிய வீரரான பைரன் நெல்சனும் அதே கிளப்பில் கேடியாக இருந்தவர்தான். 18 வயது நிறையும் முன்பே, 1930இல், ஹோகன் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். ஆனால் தனிநபர் போட்டி ஒன்றை அவர் முதன்முதலாக வென்றது 1940இல், பைன்ஹர்ஸ்ட்டில். இடைப்பட்ட பத்து வருடமும் பணமில்லாமல் ஊர் திரும்புவதும் மறுபடி கிளம்புவதுமாகப் போனது.

காரணம், ஹூக். வலது கைக்காரர் அடித்த பந்து இடது பக்கமாக வேகமாக வளைந்து, தாழ்ந்து, விழுந்த பிறகும் நிற்காமல் உருண்டு ஓடுவதை ஹூக் என்பார்கள். ஹோகனின் ஹூக் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. நல்ல ஆட்டத்தின் நடுவே ஒரு ஹூக் மரங்களுக்குள் போனால் அந்த நாள் முடிந்தது. அதை ஒழிக்க அவர் மட்டையைப் பிடிக்கும் விதத்தையே மாற்றினார், மணிக்கட்டின் நிலையை மாற்றினார், அந்தக் காலத்தில் வேறு யாரும் செய்யாத அளவுக்குப் பயிற்சி செய்தார். 1946இல் ஒரே ஆண்டில் 13 போட்டிகளை வென்றபோது அந்த ஹூக் கட்டுக்குள் வந்திருந்தது.

1949 பிப்ரவரி 2ஆம் தேதி, டெக்சஸின் வான் ஹார்ன் ஊருக்கு அருகே, பனிமூட்டத்தில் எதிரே வந்த பேருந்து அவர் கார்மீது மோதியது. மனைவி வேலரியைக் காப்பாற்ற ஹோகன் அவர் பக்கமாகப் பாய்ந்து விழுந்தார். இடுப்பெலும்பு, காறை எலும்பு, கணுக்கால், விலா எலும்பு எல்லாம் முறிந்தன. பிறகு ரத்தக்கட்டி ஏற்பட்டு இன்னொரு அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு காலில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் அவரால் ஆட முடிந்தது. பதினாறு மாதம் கழித்து, 1950 ஜூனில், மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பனில் ஆடினார். கடைசி நாளில் 36 குழிகள். கடைசிக் குழியைப் பாரில், அதாவது அந்தக் குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கையில், முடித்தால்தான் முன்னணியில் இருந்தவர்களோடு சமநிலை. சுமார் 200 கஜ தூரத்திலிருந்து, அடிப்பதற்கு மிகக் கடினமான மட்டை என்று பெயரெடுத்த 1 அயர்னை எடுத்துப் பந்தைக் கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், போட்டார். மறுநாள் சமநிலையைத் தீர்க்க நடந்த பிளே-ஆஃப் சுற்றில் 69 அடித்து (கோல்ஃபில் குறைந்த எண்ணிக்கைக்குத்தான் வெற்றி), 73 அடித்த லாய்ட் மங்ரமையும் 75 அடித்த ஜார்ஜ் ஃபேசியோவையும் முந்திப் பட்டத்தை வென்றார்.

அந்த 1 அயர்ன் அடியை ஹை பெஸ்கின் என்பவர் பின்னாலிருந்து எடுத்த புகைப்படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் கூட்டம், நடுவே ஃபேர்வே என்கிற வெட்டிய புல்வெளி, தூரத்தில் கிரீன். ஹோகன் அடித்து முடித்து நிற்கிறார். உடம்பின் எடை மொத்தமும் இடது காலில் இருக்கிறது. வலது கால் நுனிவிரலில் மட்டும் தொட்டு நிற்க, காலணியின் அடிப்பாகம் நம்மைப் பார்க்கிறது. இடுப்பும் மார்பும் இலக்கின் பக்கம் முழுவதும் திரும்பியிருக்கின்றன. தள்ளாட்டம் இல்லை. நொறுங்கிப்போய் மீண்ட கால்களோடு ஒரே நாளில் 36ஆவது குழியை ஆடுகிற மனிதர் என்பது அந்தப் படத்தில் எங்கும் தெரியாது. ஸ்விங்கின் முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. முடிவு சரியாக இருந்தால் நடுவில் நடந்ததும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் பழகும்போது ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இந்த நிலையில் மூன்று விநாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நிற்க முடியவில்லை என்றால் எடை பின்காலிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம்.

இனி, பந்து ஏன் வளைகிறது என்பதைப் பார்த்துவிடலாம். இது தெரியாமல் ஹோகனின் எந்தப் பாடமும் முழுதாக விளங்காது. மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு நொடியை இரண்டாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. அந்தக் கணத்தில் இரண்டு விஷயங்கள் கணக்கில் வருகின்றன. முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது, மட்டை எந்தப் பாதையில் வருகிறது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது. கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் வளையும் என்பது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. பாதையைவிட முகம் வலது பக்கம் திறந்திருந்தால் பந்து வலது பக்கம் வளையும், அதுதான் ஸ்லைஸ். முகம் பாதையைவிட இடது பக்கம் மூடியிருந்தால் இடது பக்கம் வளையும், அது ஹூக்.

புதிதாக ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வருவது ஸ்லைஸ். ஹோகனுக்கு வந்ததோ ஹூக். அவர் முகத்தைத் திறக்க வழி தேடினார், நமக்கோ அதை மூடத்தான் வழி வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கிரிப்புக்கு, அதாவது மட்டையைப் பிடிக்கும் விதத்துக்கு, வருவோம். இங்கே சொல்வதெல்லாம் வலது கைக்காரருக்கு. இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஹோகனின் முதல் பாடமே கிரிப்தான். அதற்கு அவர் கொடுத்த முக்கியத்துவம் முழுக்க நியாயமானது. உடம்புக்கும் மட்டைக்கும் உள்ள ஒரே தொடர்பு கைதானே. இடது கையை நீட்டி மட்டையின் பிடியை அதில் வையுங்கள். பிடி ஆள்காட்டி விரலின் நடுக்கணுவை ஒட்டி ஆரம்பித்து, உள்ளங்கையைச் சாய்வாகக் கடந்து, சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் சதைமேட்டின் அடியில் போய் முடிய வேண்டும். மற்ற விரல்களை மூடாமல், ஆள்காட்டி விரலை மட்டும் வளைத்து, மேலே அந்தச் சதைமேட்டால் அழுத்தி, மட்டையைத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் பிடி சரியான இடத்தில் இருக்கிறது. நழுவினால் பிடி உள்ளங்கைக்குள் அதிகமாக ஏறிவிட்டது. இந்தச் சோதனை ஹோகன் கொடுத்தது. அரை நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் பல மாதத் தொல்லையைத் தவிர்க்கும். பிறகு மற்ற விரல்களை மூடுங்கள். கடைசி மூன்று விரல்களில்தான் அழுத்தம் இருக்க வேண்டும்.

வலது கை முழுக்க விரல் பிடி. நடுவிரலும் மோதிர விரலும் வேலை செய்யும். சுண்டுவிரல் இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஏறி உட்காரும். வலது உள்ளங்கையின் குழிவு இடது கட்டைவிரலை மூடிக்கொள்ளும். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கட்டும் என்பதில் ஹோகன் கறாராக இருந்தார். அந்த இரண்டும் இறுக்கிப் பிடித்தால் முன்கையும் தோளும் சேர்ந்து இறுகும், ஸ்விங்கை வலது கை பிடுங்கிக்கொள்ளும். நீண்ட காலம் வேறு மட்டை விளையாட்டு ஆடியவர்களுக்கு இந்தப் பழக்கம் விடுவது சிரமம். அந்த இரண்டு விரல்களையும் பிடியிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாக ஆட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

இப்போது விட வேண்டியது. ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். ஹோகனின் பாடப்படி இடது கைக் கோடு வலது கண்ணையும், வலது கைக் கோடு முகவாயையும் நோக்க வேண்டும். இது கைகளை இடது பக்கமாக, அதாவது இலக்கின் பக்கமாகத் திருப்பி வைக்கும் பிடி. ‘வீக் கிரிப்’ என்பார்கள். பந்தைத் தொடும்போது முகம் மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஹூக்கால் பத்து வருடம் அவதிப்பட்டவருக்கு இது சரி. ஸ்லைஸ் அடிக்கிற ஒருவர் இதைப் பிடித்தால் ஏற்கெனவே திறந்திருக்கிற முகம் இன்னும் திறக்கும். அதனால் ஆரம்பத்தில் இரண்டு கோடுகளும் வலது காதுக்கும் வலது தோளுக்கும் இடையில் எங்காவது நோக்கட்டும். குனிந்து பார்த்தால் இடது கையின் பின்புறத்தில் இரண்டிலிருந்து மூன்று விரல் மூட்டுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தச் சின்ன மாற்றம் போதும்.

1955இல் ‘லைஃப்’ இதழில் ஹோகன் தன்னுடைய ரகசியம் என்று ஒன்றை வெளியிட்டார். மட்டையை மேலே கொண்டுபோன நிலையில் இடது மணிக்கட்டைப் பின்பக்கமாக லேசாக மடக்குவது அது. அதுவும் முகத்தைத் திறக்கிற வித்தைதான். உலகமே அதைத் தேடிப் படித்தது, நிறையப் பேர் செய்து பார்த்துப் பந்தைக் காட்டுக்குள் அனுப்பினார்கள். ஆரம்பிக்கிறவர் இதன் பக்கமே போக வேண்டாம்.

நிற்கும் விதத்தில் அதிகம் தங்க வேண்டியதில்லை. நடுத்தர மட்டைக்குக் கால்களை ஏறக்குறைய தோள் அகலத்தில் வையுங்கள். இடது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். வலது பாதம் இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பார் ஹோகன். பின்னால் திரும்பும்போது இடுப்பு அளவுக்கு மீறிச் சுழலாமல் அது தடுக்கும். இளைஞர்களுக்குச் சரி. நாற்பதைத் தாண்டியவர்கள், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் வலது பாதத்தையும் கொஞ்சம் வெளியே திருப்பிக்கொண்டால் முதுகு தப்பிக்கும். முழங்கால்களை லேசாக மடக்கி, இடுப்பிலிருந்து குனியுங்கள். முதுகைக் கூன் போட வேண்டாம். கைகள் தோளிலிருந்து இயல்பாகத் தொங்கட்டும். முழங்கைகள் இரண்டும் இடுப்பெலும்புகளை நோக்கியபடி ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும், மேற்கைகள் மார்பின் பக்கவாட்டோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது ஹோகனின் பாடம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கை தனியாகவும் உடம்பு தனியாகவும் போவதுதான் புதியவர்களின் பாதித் தொல்லை. இது இரண்டையும் கட்டிப் போடும்.

பேக்ஸ்விங், அதாவது மட்டையைப் பின்னால் எடுப்பது. ஹோகன் சொன்ன வரிசை: கை, புஜம், தோள், இடுப்பு. இவை தனித்தனி அசைவுகள் இல்லை. ஒன்றை அடுத்து ஒன்று கண நேர இடைவெளியில் சேர்ந்துகொள்கின்றன. தோள் ஏறக்குறைய 90 பாகை திரும்பும், இடுப்பு அதில் பாதி. மேலே போனதும் உங்கள் முதுகு இலக்கைப் பார்க்க வேண்டும், இடது தோள் முகவாய்க்குக் கீழே வந்திருக்க வேண்டும். அவ்வளவு திரும்ப உடம்பு இடம் கொடுக்கவில்லை என்றால் இடது குதிகாலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

இந்த இடத்தில்தான் ஹோகன் தன் புகழ்பெற்ற கண்ணாடியைக் கொண்டுவருகிறார். தரையில் பந்து இருக்கும் இடத்திலிருந்து சாய்வாக எழும்பி உங்கள் தோள்கள்மீது படுத்திருக்கும் ஒரு பெரிய கண்ணாடிப் பலகையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவில் ஓட்டை, அதில் உங்கள் தலை. மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது கைகள் அந்தக் கண்ணாடிக்குக் கீழே, அதன் சாய்வை ஒட்டியே போக வேண்டும். மேலே தூக்கினால் கண்ணாடி உடையும். ஸ்விங் ஒரு சாய்ந்த தளத்தில் நடக்கிறது என்பதை இதைவிட எளிதாக யாரும் விளக்கியதில்லை என்று நினைக்கிறேன். உயரமானவருக்கு அந்தச் சாய்வு செங்குத்தாக இருக்கும், குட்டையானவருக்குப் படுத்த மாதிரி இருக்கும். ஹோகன் உயரம் குறைந்தவர், அவர் தளமும் படுத்தது. அதைப் பார்த்து ஆறடி மனிதர் காப்பி அடிக்கக் கூடாது. பதினெட்டு மேஜர் வென்ற ஜாக் நிக்லாஸ் வலது முழங்கையை வெளியே பறக்கவிட்டு மட்டையை நிமிர்த்தித்தான் மேலே கொண்டுபோவார். ஜிம் ஃப்யூரிக் மட்டையை மேலே ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவார். அந்த ஸ்விங்கில்தான் 2016இல் ஒரே சுற்றில் 58 அடித்தார். மேலே போகும் வழி ஆளுக்கு ஆள் மாறும். கீழே இறங்கும் விதத்தில் இவர்கள் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

அந்த இறக்கம்தான் ஹோகனிடம் கற்க வேண்டிய முதல் பொருள். டவுன்ஸ்விங்கை, அதாவது மட்டையைக் கீழே பந்தை நோக்கி இறக்குவதை, ஆரம்பிப்பது இடுப்பு. அதன் பிறகு தோள், புஜம், கடைசியில் கை. பின்னால் போன வரிசை அப்படியே தலைகீழாகிறது. இது ஹோகனின் தனிப் பழக்கம் இல்லை. இன்று வீரர்களின் உடம்பில் உணரிகளை ஒட்டி அளந்து பார்க்கிறார்கள். இடுப்பு முதலில் தன் உச்ச வேகத்தை எட்டி மெதுவாகிறது, அந்த வேகம் மார்புக்குப் போகிறது, அங்கிருந்து கைக்கு, கையிலிருந்து மட்டைத் தலைக்கு. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருப்பதைவிட வேகமாகச் சுழல்கிறது. பெரிய வீரர்களின் டிரைவர் (தூரமாக அடிக்கும் நீளமான மட்டை) தலை மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொடுவது இப்படித்தான். கைப்பலத்தால் மட்டும் அது வராது. ஹோகனின் எடை சுமார் 65 கிலோதான்.

குளத்து நீர்மேல் ஓட்டாஞ்சில்லைத் தத்தித் தத்திப் போகும்படி எறிந்திருக்கிறீர்களா? கை இன்னும் பின்னால் இருக்கும்போதே முன்கால் தரையில் ஊன்றி இடுப்பு திரும்ப ஆரம்பித்துவிடும். முழங்கை விலாவை உரசிக்கொண்டு முன்னே வரும், மணிக்கட்டும் விரலும் கடைசியில் சுண்டும். யாரும் கற்றுத் தராமலேயே எல்லோருக்கும் வருகிற அசைவு இது. டவுன்ஸ்விங்கில் வலது கை செய்வதும் இதேதான். ஹோகன் இதற்கு பேஸ்பால் வீரர் பக்கவாட்டில் பந்தெறிவதை உதாரணம் காட்டினார்.

புதியவர்கள் செய்வது இதற்கு நேரெதிர். மேலே போனதும் பந்தை அடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வலது தோளும் கையும் முதலில் கிளம்பிவிடுகின்றன. கண்ணாடி உடைகிறது. மட்டை வெளிப்பக்கமாக வந்து பந்தை உள்பக்கமாகச் சீவுகிறது. பாதை இடது பக்கம், முகம் அதைவிடத் திறந்திருக்கிறது. வலது பக்கம் வளைகிற ஸ்லைஸ் பிறந்தாயிற்று. இடுப்பு முதலில் கிளம்பினால் கைகள் தாமாகக் கொஞ்சம் கீழே இறங்கி உள்பக்கமிருந்து வர இடம் கிடைக்கும். ஹூக் அடித்த மனிதரின் பாடத்தில் ஸ்லைஸ் அடிப்பவருக்கான மருந்தும் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இடுப்பைத் திருப்பு என்று படித்ததும் பலர் நின்ற இடத்திலேயே இடுப்பை வெடுக்கென்று சுழற்றுகிறார்கள். எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது, தோள் கூடவே இழுபட்டு வெளியே வந்துவிடுகிறது, பழைய ஸ்லைஸ் இன்னும் வேகமாக வருகிறது. எடை இடது பக்கம் மாறும் அளவுக்கு இடுப்பு பக்கவாட்டிலும் நகர வேண்டும் என்று ஹோகன் சொல்லியிருக்கிறார். படிக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் இடது கால் தரையை அழுத்துவதை உணருங்கள். திரும்புவது அதன் தொடர்ச்சியாக வரட்டும். இதைப் பழக ஒரு நல்ல வழி உண்டு. பந்து இல்லாமல் இரண்டு கால்களையும் ஒட்டி வைத்து நில்லுங்கள். மட்டையைப் பின்னால் எடுங்கள். அது மேலே போய்ச் சேரும் முன்பே இடது காலை இலக்கின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்து ஊன்றுங்கள், பிறகு ஆட்டுங்கள். கால் ஊன்றிய பிறகுதான் மட்டை இறங்க முடியும் என்பதால் வரிசை தப்புவதற்கு வழியே இல்லை. இதை மெதுவாகச் செய்தாலே மட்டை காற்றைக் கிழிக்கும் சத்தம் பந்து இருக்கும் இடத்துக்கு முன்னால், இடது பக்கத்தில், கேட்க ஆரம்பிக்கும். முன்பு அது வலது தோளுக்குப் பக்கத்தில் கேட்டிருக்கும். அந்தச் சத்தம் எங்கே வருகிறது என்று கவனிப்பது நல்ல பயிற்சி.

பந்தைத் தொடும் கணத்தில் இடது மணிக்கட்டு இலக்கின் பக்கமாகத் தள்ளி, தட்டையாக அல்லது லேசாக வெளியே வளைந்திருக்க வேண்டும் என்று ஹோகன் படம் போட்டுக் காட்டினார். கை பந்துக்கு முன்னால், மட்டைத் தலை அதற்குப் பின்னால். அப்போதுதான் அயர்ன் மட்டை முதலில் பந்தையும் பிறகு தரையையும் தொடும். புல் பெயர்ந்த தடம் பந்து இருந்த இடத்துக்கு முன்னால் விழும். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று நினைத்துக் கரண்டியால் அள்ளுகிற மாதிரி மணிக்கட்டை மடக்குகிறவர்களுக்குத் தடம் பின்னால் விழும், அல்லது பந்தின் தலையில் அடி விழும். தூக்குகிற வேலை மட்டையின் சாய்வுடையது, உங்களுடையது இல்லை. தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, பந்து வைக்காமல், கோட்டுக்கு இடது பக்கத்தில் மட்டும் புல்லை உரசப் பழகுங்கள். டவுன்ஸ்விங் முழுவதும் சுமார் கால் நொடியில் முடிந்துவிடுகிறது; அதற்குள் மணிக்கட்டை யோசித்து வைக்க யாராலும் முடியாது. வரிசை சரியாக இருந்தால் மணிக்கட்டும் பெரும்பாலும் தானே சரியாக வந்து சேரும்.

பயிற்சியை நடுத்தர மட்டையான 7 அயர்னில், பாதி ஸ்விங்கில் ஆரம்பியுங்கள். இடது புஜம் தரைக்கு இணையாகும் வரை பின்னால், வலது புஜம் தரைக்கு இணையாகும் வரை முன்னால். ஹோகனும் முழங்கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு இந்த மாதிரி அரை ஸ்விங்கைத்தான் முதலில் பழகச் சொன்னார். இரண்டு அக்குளிலும் சேர்த்து ஒரு துண்டை இடுக்கி, அது விழாமல் ஆட்டினால் கையும் மார்பும் சேர்ந்து திரும்பும். டிரைவரை எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். நீளமான மட்டை, சாய்வு குறைவு, சின்னத் தவறும் பெரிதாக வளையும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கிரிப்பை வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில்கூடப் பழகலாம். செல்போனை இலக்குக் கோட்டுக்கு நேர் பின்னால், கை உயரத்தில் வைத்து வீடியோ எடுத்தால் கண்ணாடி உடைகிறதா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆட்டுவதற்கு முன் இடுப்பையும் முதுகையும் நன்றாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். குளிர்ந்த உடம்போடு முழு வேகத்தில் சுழற்றிக் கீழ்முதுகைப் பிடித்துக்கொண்டவர்கள் இந்த விளையாட்டில் ஏராளம்.

இப்படிப் பழகிக்கொண்டு போனால் பந்து முதலில் வலது பக்க வளைவைக் குறைத்து நேராகும். அப்புறம் சிலருக்கு ஒரு நாள் இடது பக்கம் வளைய ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு வளைந்தால் கவலைப்படாதீர்கள். மட்டை உள்பக்கமிருந்து வருகிறது என்பதற்கு அது அறிகுறி. ஆட்டத்துக்கு ஆட்டம் அது வளர்ந்துகொண்டே போய், பந்து தாழ்ந்து உருண்டு ஓடத் தொடங்கினால், ஹோகனின் கிரிப் உங்களுக்குத் தேவைப்படும் கட்டம் வந்துவிட்டது. இடது கைக் கோட்டைத் தோளிலிருந்து காதுக்கு, காதிலிருந்து கண்ணுக்கு என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்துங்கள். ஒரு கூடை நிறையப் பந்துகளை அடித்துப் பார்த்து, வளைவு அடங்கிய இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.